ஆர்ட் தெரபிஸ்ட் ஆவது எப்படி: படிப்பு, பொருள்கள், அறைக்குள் நடக்கும் வேலை

இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை, வானத்தில் நாலு பறவை. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகும் குழந்தையிடம் தாளைக் கொடுத்து "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் இந்தப் படம்தான் வரும். புதிதாக வேலைக்கு வந்த ஆர்ட் தெரபிஸ்ட் இங்கே இரண்டு விதமாகத் தவறுவார். ஒருவர் மலை இரண்டும் அப்பா அம்மா, நடுவில் மாட்டிக்கொண்ட சூரியன் குழந்தை என்று அர்த்தம் எழுதிவிடுவார். இன்னொருவர் "இது எல்லாரும் வரையறது, வேற வரை" என்று தள்ளிவிடுவார். இரண்டாலும் குழந்தைக்கு நஷ்டம்தான். டிராயிங் வகுப்பில் மார்க் வாங்கிக் கொடுத்த படம் அது. 'தப்பே வராத ஒன்றை முதலில் காட்டுகிறேன், நீங்கள் எப்படிப்பட்டவர் என்று பார்க்கிறேன்' என்பதுதான் அந்தக் குழந்தை அப்போது சொல்வது. அதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வாரமோ ஐந்தாவது வாரமோ அதே வீட்டில் கதவு காணாமல் போகலாம், ஆறு கறுப்பாகலாம். அப்போது "இந்த வீட்டுக்குள்ள இப்ப யாராவது இருக்காங்களா?" என்ற ஒரு கேள்வி போதும்.

இந்தப் பொறுமையைப் பழகுவதற்குத்தான் வருஷக்கணக்கில் படிப்பும் மூத்த தெரபிஸ்ட் ஒருவரின் மேற்பார்வையும் தேவைப்படுகின்றன. பேச்சில் வராததை, பேசினால் உடைந்துவிடும் என்று பயந்து வைத்திருப்பதை, ஒருவர் தாளிலோ மண்ணிலோ வெளியே வைக்கிறார். தெரபிஸ்ட், அந்த ஆள், அந்தப் படம் என்று மூன்று பேர் அறையில் இருப்பது போல. நேருக்கு நேர் பார்த்துப் பேச முடியாத இருவர், நடுவில் இருக்கும் படத்தைப் பார்த்துப் பேச முடிகிறது. ஓவிய வகுப்பில் படம் நன்றாக வர வேண்டும். மன இறுக்கம் குறைய வண்ணம் தீட்டுவதில் மனசு லேசாக வேண்டும். ஆர்ட் தெரபியில் படம் அசிங்கமாக இருக்கலாம், ஒரு நாள் மனசு இன்னும் கனமாகக்கூட ஆகலாம். அதைத் தாங்கிப் பிடித்து, அடுத்த வாரத்துக்கு அவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதுதான் வித்தியாசம்.

தொழில் வந்த வழி

'ஆர்ட் தெரபி' என்ற பெயரை 1942-இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். காசநோய் சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைந்து வரைந்து தேறியவர், பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரைய வைத்தார். 1946-இல் எட்வர்ட் ஆடம்சன் இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் ஒரு ஸ்டுடியோவைத் தொடங்கினார். பாராட்டாமல், திருத்தாமல், கூடவே இருப்பது அவர் முறை. அமெரிக்காவில் மார்கரெட் நௌம்பர்க் படத்தை மனத்தின் பேச்சாக எடுத்துக்கொண்டார். இடித் கிராமர், செய்யும் செயலே குணப்படுத்தும் என்றார். இன்றைக்கும் எந்தப் பாடத்திட்டத்தை எடுத்தாலும் இந்த இரண்டு கரைக்கும் நடுவில்தான் ஓடும். சேரும் முன் உங்கள் படிப்பு எந்தக் கரைப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் மொழிப் பரப்பில் மட்டக்களப்பை மறக்கக் கூடாது. 1996-இல் அங்கே தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தமிழ்க் குழந்தைகளையும் முஸ்லிம் குழந்தைகளையும் ஒன்றாக உட்கார வைத்து மண்ணும் நிறமும் கதையும் கொடுத்தது. மருத்துவமனை மாதிரி வேலை அது இல்லை. ஆனால் போர்ப் பகுதியிலோ பேரிடர் முகாமிலோ வேலை செய்ய நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

என்ன படிக்க வேண்டும்

இரண்டு கால் வேண்டும்: ஓவியம் ஒன்று, உளவியல் ஒன்று. பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) முடித்தவருக்கு வளர்ச்சி உளவியலும் மனநோய்கள் பற்றிய பாடமும் குறைவாக இருக்கும். உளவியல் படித்தவருக்குக் கையில் மண் ஒட்டிய பழக்கம் இருக்காது. எந்தக் கால் குட்டையோ அதை முதுகலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்ய வேண்டும். உளவியல் பட்டதாரி ஒரு வருஷமாவது வாரத்துக்கு மூன்று நாள் வரைய வேண்டும். நேர்காணலில் 15 முதல் 20 படைப்புகள் வரை கேட்பார்கள். திறமை காட்டும் படங்களை மட்டும் அடுக்காதீர்கள். ஒரே விஷயத்தை ஆறு மாதம் விடாமல் துரத்திய வரிசை ஒன்று இருந்தால், தேர்வுக் குழு அதில்தான் நிற்கும்.

விண்ணப்பத்துக்கு முன்பே மனிதர்களோடு வேலை செய்த அனுபவம் வேண்டும். சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம், போதை மறுவாழ்வு மையம், வலி தணிப்புப் பிரிவு என எங்காவது ஒரு வருஷம், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூக்கு ஒழுகுகிற, கடிக்கிற, பேசவே பேசாத மனிதர்களோடு தினமும் இருக்க முடிகிறதா என்பது இங்கேதான் தெரியும். முடியவில்லை என்று தெரிந்தால், பெரும் தொகை கட்டுவதற்கு முன்னால் தெரிந்தது நல்லது.

பிரிட்டனில் 'ஆர்ட் தெரபிஸ்ட்', 'ஆர்ட் சைக்கோதெரபிஸ்ட்' என்ற இரண்டு பட்டப்பெயரும் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. எச்சிபிசி என்ற பதிவு அமைப்பு அங்கீகரித்த முதுகலை முடித்துப் பதிவு செய்துகொண்டவர் மட்டுமே போட்டுக்கொள்ளலாம். முழு நேரம் என்றால் பொதுவாக இரண்டு வருஷம், பகுதி நேரம் என்றால் மூன்று. படிக்கும் காலம் முழுக்க மாணவர் தானும் ஒரு தெரபிஸ்டிடம் போக வேண்டும். அந்தச் செலவு கல்விக் கட்டணத்தில் அடங்காது. பட்ஜெட் போடும் பலர் இதை விட்டுவிட்டு இரண்டாவது வருஷம் திணறுகிறார்கள்.

அமெரிக்காவில் 60 கிரெடிட் முதுகலை. படிக்கும்போதே 100 மணி நேரப் பயிற்சியும் அதற்கு மேல் 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் உண்டு. பட்டம் வாங்கிய பின் ஏடிஆர் (பதிவு பெற்ற ஆர்ட் தெரபிஸ்ட்) என்ற பதிவுக்கு நேரடியாக ஆட்களோடு 1,000 மணி நேரம் வேலை செய்து, 100 மணி நேரம் மேற்பார்வை பெற வேண்டும். அதன் பிறகு ஒரு தேர்வு எழுதித் தேறினால் ஏடிஆர்-பிசி என்ற அடுத்த நிலைச் சான்று. உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சில மாநிலங்களில் தனி உரிமமே இல்லை. எந்த மாநிலத்தில் வேலை செய்யப்போகிறீர்கள் என்பதைப் பார்த்துவிட்டுக் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். ஊருக்குப் பக்கத்தில் வேண்டுமென்றால் சிங்கப்பூர் லாசால் கலைக் கல்லூரியில் ஆர்ட் தெரபி முதுகலை இருக்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லும் மனநல வல்லுநர் பட்டியலில் ஆர்ட் தெரபிஸ்ட் கிடையாது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் மட்டும் கலை, நடன, அசைவு சிகிச்சையாளர் என்ற வகைக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் இங்கே நின்று வேலை செய்ய விரும்புகிறவர் தன் அஸ்திவாரத்தை வேறொரு பட்டத்தில் போட வேண்டும்: உளவியல் முதுகலை, கவுன்சலிங் முதுகலை, அல்லது சமூகப் பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. அதன் மேல் கலைவழிச் சிகிச்சையில் ஒரு முதுநிலைப் பட்டயம், அதற்கு மேல் மேற்பார்வையோடு செய்த மணி நேரங்கள். இந்த மூன்று அடுக்கும் இருந்தால் எந்த மருத்துவமனையிலும் நம்பி உள்ளே விடுவார்கள். மேல் அடுக்கு மட்டும் இருந்தால் பிறந்தநாள் விழா ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கூப்பிடுவார்கள். ஒன்றைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலை இல்லை. "டிப்ரஷன் மாதிரி இருக்கு" என்று வாய் தவறிக்கூட வரக் கூடாது. வீடு, மரம், மனிதன் என்று வரையச் சொல்லி மனத்தைக் கணிக்கும் தேர்வுகளை ஒரு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டுப் போட்டுப் பார்ப்பதும் அதே குற்றம்தான்.

ஒரு பட்டயப் படிப்பில் பணம் கட்டும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள். உண்மையான ஆட்களோடு எத்தனை மணி நேரம்? அந்த இடத்தைப் படிப்பு நடத்துபவர்கள் ஏற்பாடு செய்வார்களா, நீங்களே தேட வேண்டுமா? மேற்பார்வை தனியாகவா, இருபது பேரோடு சேர்த்தா? உங்களுக்கான சொந்த தெரபி கட்டாயமா? பாடம் எடுப்பவர் இப்போதும் ஆட்களைப் பார்க்கிறாரா? இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு ஒன்று 'சான்றளிக்கப்பட்ட ஆர்ட் தெரபிஸ்ட்' என்று அட்டை கொடுக்கிறதென்றால், அந்த அட்டையை எங்கேயும் காட்ட வேண்டாம். கோபம் இல்லாமல் இதைச் சொல்ல முடியவில்லை. காயத்தைத் திறக்க ஒரு பெட்டி கலர் போதும், அதை மூடத் தெரியாதவர் கையில் ஒரு பெண்ணோ குழந்தையோ மாட்டிக்கொண்டால் விலை கொடுப்பது அவர்கள்தான்.

பொருள்கள்: எதைக் கொடுத்தால் என்ன நடக்கும்

பென்சில், ஸ்கெட்ச், வெட்டி ஒட்டும் படங்கள், கட்டமான தாள் எல்லாம் கையை அடக்கி வைக்கும். ஆயில் பேஸ்டல் நடுவில் நிற்கும். நீர்வண்ணம், விரல் வண்ணம், குழைந்த களிமண் எல்லாம் அவிழ்த்துவிடும். இந்த ஏணியை 1978-இல் காகின், லூஸ்பிரிங்க் என்ற இரண்டு ஆர்ட் தெரபிஸ்டுகள் ஒரு முறையாக எழுதினார்கள்: ஒரு முனையில் உடலும் தொடுதலும், நடுவில் வடிவமும் உணர்ச்சியும், மறுமுனையில் யோசனையும் குறியீடும். நடைமுறையில் இதன் அர்த்தம் சுலபம். ஏற்கெனவே பொங்கிக்கொண்டிருப்பவருக்கு ஈரத் தாளும் நீர்வண்ணமும் கொடுக்காதீர்கள். நிறம் கட்டுக்கடங்காமல் ஓடும், அவரும் அதோடு ஓடுவார். மூச்சு வேகமாகிறது, பார்வை எங்கோ போகிறது, தாள் முழுக்க ஒரே பழுப்பு ஆகிறது என்றால் உடனே ஏணியில் அடக்கி வைக்கும் பக்கத்துக்கு வர வேண்டும்: ஏ5 அளவுத் தாள், பென்சில், சுற்றி ஒரு கட்டம். "இந்தக் கட்டத்துக்குள்ள மட்டும் போதும்" என்று சொல்லுங்கள். மாறாக, எல்லாவற்றையும் அழகாகப் பேசி விளக்கிவிட்டு எதையும் உணராமல் நகர்பவருக்கு மண்ணைக் கொடுங்கள். மண்ணிடம் பேச்சு செல்லாது.

ஆறு முதல் எட்டுப் பேர் குழுவுக்கு ஆரம்பப் பெட்டி இவ்வளவு போதும். ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள் (கெட்டியான வரைதாள்) 100, ஏ4 100, அதில் இருபதைப் பாதியாக வெட்டியது. 25 நிற ஆயில் பேஸ்டல் பெட்டி நாலு, இருவருக்கு ஒன்று. போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, பழுப்பு ஒவ்வொன்று, வெள்ளை மட்டும் இரண்டு, ஏனென்றால் அதுதான் முதலில் தீரும். பிரஷ் 4, 8, 12-ஆம் எண், ஒரு அங்குலத் தட்டை. இரண்டு வாளி, ஸ்பாஞ்ச், பழைய செய்தித்தாள், பழைய சட்டைகள். பழுப்பில் மூன்று நாலு சாயல் கட்டாயம் இருக்க வேண்டும். பெட்டியில் இருக்கும் வெளிர் ரோஜா கிரேயானைத்தான் நம் குழந்தைகள் 'ஸ்கின் கலர்' என்கிறார்கள். தன் தோலின் நிறம் பெட்டியில் இல்லாத குழந்தையிடம் உன்னை வரை என்று எப்படிச் சொல்வது?

தாளின் தரத்தில் சிக்கனம் வேண்டாம். நிறம் தீட்ட 150 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைக் காட்டும் அளவு) குறையாமல் பாருங்கள். சாதாரண சார்ட் பேப்பர் ஈரம் பட்டதும் சுருண்டு, இரண்டு முறை தேய்த்தால் ஓட்டையாகிவிடும். 'நான் தொட்டதெல்லாம் கெட்டுப்போகும்' என்று நம்பி வந்திருப்பவர் கையில் அந்தத் தாள் கிழிந்தால், அந்த நம்பிக்கைக்கு நாமே சாட்சி சொன்னது போல் ஆகும்.

களிமண்ணைக் குயவரிடம் வாங்குவது நல்லது. கல், கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று கையால் பிசைந்து பார்த்துவிட வேண்டும். பெரியவருக்கு அரை கிலோ, சிறு கைக்கு அதில் பாதி. ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் வாரக்கணக்கில் பதமாக இருக்கும். செய்யும் பொருளின் சுவர் கட்டை விரல் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. ஒட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் கீறி, மண் கூழ் தடவி அழுத்த வேண்டும். ஃபேனுக்கு அடியில் காய வைத்தால் ஒரே ராத்திரியில் வெடிக்கும். மெல்லிய துணி போட்டு மூலையில் மெதுவாகக் காய விடுங்கள். அப்படியும் உடைந்தால், அவருக்குத் தெரியாமல் ஃபெவிகால் போட்டு ஒட்டிவைக்காதீர்கள். அடுத்த வாரம் உடைந்ததையே அவர் முன் வையுங்கள். ஒட்டுவாரோ, நொறுக்குவாரோ, அப்படியே விடுவாரோ, அந்த வாரத்து வேலை அதுதான். மண் கழுவிய தண்ணீரை சிங்க்கில் ஊற்ற வேண்டாம், குழாய் அடைத்துக்கொண்டால் அறையைத் திரும்பத் தர மாட்டார்கள். வாளியில் தெளிய விட்டு, மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

வாயில் வைக்கும் குழந்தைகளுக்கு விரல் வண்ணம் வீட்டிலேயே காய்ச்சலாம். அரை கப் சோளமாவு, இரண்டு கப் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. கட்டி தட்டாமல் கரைத்து, கிளறிக்கொண்டே கூழ் பதத்துக்குக் காய்ச்சி ஆற வைத்து, உணவு நிறம் சேர்க்க வேண்டும். அன்றன்றைக்குச் செய்வது நல்லது, நம் வெயிலில் மறுநாளே வாடை வரும்.

வெட்டி ஒட்டப் பழைய வார இதழ்கள் மட்டும் வைத்தால் எல்லாம் சினிமா முகமாகவே இருக்கும். பஸ் டிக்கெட், விதைப் பாக்கெட், துணிக்கடைப் பை, நாள்காட்டி எல்லாம் சேருங்கள். நாள்காட்டியில் சாமி படங்களை முன்கூட்டியே பிரித்து எடுத்து வையுங்கள். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, முருகனை வெட்டுவதா என்று ஒரு பாட்டி தவித்துப் போனால் அன்றைய மணி நேரம் அதிலேயே முடிந்துவிடும். கோலமும் அப்படித்தான். "எனக்கு வரையத் தெரியாது" என்ற அதே அம்மா ஏழு புள்ளிக் கோலத்தைக் கை எடுக்காமல் போடுவார், கலங்கிய மனசுக்குப் புள்ளியும் வரிசையும் பெரிய பிடிமானம். ஆனால் கணவன் போன பிறகு வாசலில் கோலம் போட விடாத வீட்டிலிருந்து வந்தவருக்கு அதே புள்ளி கத்தியாக இருக்கும். கோலமே வழக்கத்தில் இல்லாத குடும்பங்களும் உண்டு. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்காமல், யாருக்கு எது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

மனநல வார்டில் எண்ணிக்கை முக்கியம். கத்தரிக்கோல், பிரஷ், பென்சில் எல்லாம் எண்ணி உள்ளே போய் எண்ணி வெளியே வர வேண்டும். ஷார்ப்னரை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், சீவிய பென்சிலையே எடுத்துப் போங்கள். கண்ணாடிக் குடுவை, டர்பன்டைன் இரண்டும் கூடவே கூடாது.

அந்த ஒரு மணி நேரம்

தனியாள் என்றால் 50 முதல் 60 நிமிஷம், குழு என்றால் 90. முதல் ஐந்து பத்து நிமிஷம் வந்து உட்கார்ந்து மூச்சு விட. அடுத்த 25, 30 நிமிஷம் செய்ய. பிறகு 15 நிமிஷம் செய்ததைச் சேர்ந்து பார்க்க. கடைசி ஐந்து நிமிஷம் கை கழுவ, படத்தை அவருடைய ஃபோல்டரில் வைக்க. முடிவதற்குப் பத்து நிமிஷம் முன்பு சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் திடீரென்று மூடினால், திறந்த காயத்தோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டது போல. வாரா வாரம் அதே நாள், அதே நேரம், அதே மேசை. பள்ளிக்கூடத்தில் கதவைத் திறந்து அட்டெண்டன்ஸ் நோட்டோடும் டீயோடும் ஆள் வருவார்கள். தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே பேசி, கதவில் ஒரு பலகை மாட்டிவிடுங்கள்.

மேசையில் மூன்று வகைப் பொருளுக்கு மேல் வேண்டாம். "எனக்கு வரையத் தெரியாதுங்க" என்று பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். "யாருக்குமே தெரியாதுங்க" என்று சமாதானம் சொல்லாமல், வேலையைச் சின்னதாக்குங்கள்: "ஒரு கலரை மட்டும் எடுங்க. கை போற பக்கம் ஒரு கோடு போடுங்க." இடது கையால் போடச் சொன்னால் அழகாக வர வேண்டும் என்ற பயம் பாதி போய்விடும்.

செய்யும்போது பேச வேண்டாம். எந்த நிறத்தை முதலில் எடுத்தார், எதை அழித்தார், தாளின் எந்த மூலையைத் தொடவே இல்லை என்று பார்த்துக்கொண்டிருங்கள். முடிந்ததும் "அழகா இருக்கு" வேண்டாம். சொன்னால் அடுத்த வாரம் உங்களுக்காக வரைவார். "இது என்ன?" என்பதும் பரீட்சைக் கேள்வி. "இதைப் பத்தி ஏதாவது சொல்லணும்னு தோணுதா?", "இதுக்கு ஒரு பேர் வைக்கலாமா?", "இதுக்குள்ள நீங்க நிக்கணும்னா எங்க நிப்பீங்க?" இவை கதவைத் திறக்கும். அவர் பேசாவிட்டால் பேசாமலே பார்க்கலாம், அதுவும் வேலைதான். கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்ற பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். சிவப்பு ஒருவருக்குக் குங்குமம், இன்னொருவருக்குக் கட்சி, மூன்றாமவருக்கு விபத்து நடந்த ரோடு. பெட்டியில் மிச்சம் இருந்த ஒரே துண்டு சிவப்பு என்பதும் ஒரு காரணம்.

குழந்தை உங்களை 'மிஸ்' என்று கூப்பிடும் வரை அது பள்ளிக்கூடம்தான், மார்க் உண்டா என்று பார்க்கும். பெயரோடு அக்கா, அண்ணா என்று பழக்கினால் தளரும்.

வாசலில் அம்மா காத்திருப்பார். "என்ன வரைஞ்சான்? காட்டுங்க மேடம்." இதற்குப் பதிலை முதல் நாளே தயார் செய்துகொள்ளுங்கள். "அம்மா, படம் அவனோடது. அவன் காட்டணும்னு நினைச்சா அவனே காட்டுவான். அவனுக்கு ஆபத்துன்னு ஏதாவது தெரிஞ்சா உங்ககிட்ட கண்டிப்பா சொல்லுவேன். மாசம் ஒரு தடவை நாம தனியா உக்காந்து, அவன் எப்படி இருக்கான்னு பேசலாம்." குரலைத் தாழ்த்தி, நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் பயந்துபோய் இருக்கிறார், அவரை எதிரியாக்கினால் அடுத்த வாரம் குழந்தை வராது.

ரகசியம், சட்டம், குறிப்பு

ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதை முதல் சந்திப்பிலேயே குழந்தைக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிடுங்கள். 2012 போக்ஸோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, யாராக இருந்தாலும் போலீசுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். படம் மட்டுமே சாட்சி ஆகாது. பாம்பு வரைந்ததெல்லாம் அத்துமீறல் ஆகிவிடாது. ஆனால் குழந்தை வாயால் சொன்னால் துருவிக் கேட்காதீர்கள், மறுபடி வரையச் சொல்லாதீர்கள், "அப்பாவா?" என்று பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். சொன்ன சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு, "சொன்னது நல்லது, இதை உதவி பண்றவங்ககிட்ட நான் சொல்லணும்" என்று தெரிவித்து, அன்றைக்கே மேற்பார்வையாளரை அழைத்துப் புகார் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் தனியாகச் சுமக்காமல் மனநல மருத்துவரிடம் அன்றே சேர்க்க வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 எல்லாக் குடும்பத்தின் கையிலும் இருக்கட்டும்.

படங்கள் பூட்டிய அலமாரியில், பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணோடு இருக்க வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் எதற்கும் முகம் தெரியாவிட்டாலும் போடக் கூடாது. ஒரு தாய் தன் மகளின் படத்தை ஸ்டேட்டஸில் பார்த்து அடையாளம் கண்டுகொள்ள முகம் தேவையில்லை.

குறிப்பு அன்றே எழுத வேண்டும்: தேதி, கொடுத்த பொருள், நடந்த வரிசை, அவர் சொன்ன சொற்கள், ஆபத்து அறிகுறி. உங்களுக்குள் எழுந்த தூக்கம், எரிச்சல், அழுகை எல்லாம் தனி நோட்டில். அந்த நோட்டுதான் மேற்பார்வைக்கு எடுத்துப் போக வேண்டியது. பத்து மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர மேற்பார்வை என்பது நல்ல கணக்கு, பயிற்சியில் இருப்பவருக்கு வாரம் ஒன்று.

முதல் வேலை

இங்கே முழு நேரப் பதவி அரிது. சிறப்புப் பள்ளியில் இரண்டு நாள், மருத்துவமனையில் ஒரு நாள், தனியாகப் பார்ப்பது சில பேர் என்று சேர்த்துத்தான் வாரம் நிறையும். ஓர் இடத்தை அணுகும்போது ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். யாருக்கு, எட்டு வாரமா பன்னிரண்டு வாரமா, எத்தனை பேர், என்ன அறை, பொருளுக்கு எவ்வளவு, யார் அனுப்பி வைப்பார், ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது. கடைசி இரண்டும் இல்லாமல் தொடங்கினால், அடங்காத பிள்ளைகளை எல்லாம் கொண்டுவந்து தள்ளும் அறையாக உங்கள் அறை மாறிவிடும். தண்ணீர் வசதி, மூடும் கதவு, அலமாரி இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டாம், எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும்.

எட்டு வாரம் என்றால் ஆறாவது வாரமே "இன்னும் ரெண்டு தடவைதான்" என்று சொல்லத் தொடங்குங்கள். கடைசி நாளில் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். முதல் வாரத்துப் படத்திலிருந்து வரிசையாகத் தரையில் விரித்து வைத்து, அவரைச் சுற்றி நடக்க விடுங்கள். எதை வீட்டுக்கு எடுத்துப் போவது, எதை உங்களிடம் விட்டுப் போவது, எதைக் கிழித்துப் போடுவது என்பதை அவரே பிரிக்கட்டும். கிழிக்க நினைத்தால் ஒரு கவரை மட்டும் நீட்டுங்கள். மலையும் சூரியனும் ஓட்டு வீடும் இருந்த அந்த முதல் படத்தைச் சில குழந்தைகள் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப் போவார்கள், சில பேர் விட்டுப் போவார்கள். விட்டுப் போனதை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், பிறகு என்ன செய்வீர்கள் என்பதையும் அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.